பிடிக்காமல் போன அச்சு: ஹெரால்ட் காரின் அடியிலிருந்து சில குறிப்புகள்

1

மோட்டார் கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சென்னையில் தயாரான ஹெரால்ட் காரைப் பற்றிப் பேச வரும்போது ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஹெரால்டின் பின் அச்சு இந்தியச் சொந்தக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆகவே 1972இல் வந்த கெஸல் காரில் அது மாற்றப்பட்டது. அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தில் எத்தனை கார் விற்றது, எப்போது நின்றது என்று போய்விடுகிறார்கள்.

இந்தப் 'பிடிக்கவில்லை' என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஒரு குறையைக் கண்டறிகிறார். பத்திரிகையாளர் அம்பலப்படுத்துகிறார். நீதிபதி தீர்ப்பளிக்கிறார். மெக்கானிக்குக்கு மட்டும் 'பிடிக்கவில்லை'. குழந்தைக்குக் கீரை பிடிக்காத மாதிரி. வண்டிக்கு அடியில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்து ஒருவன் வந்து சேர்ந்த முடிவு, எழுத்தில் ஏறும்போது வெறும் ருசியாகச் சுருங்கிவிடுகிறது. வேலையைத் திட்டமிடுகிற மூளையையும் அதைச் செய்கிற கையையும் முதலாளியம் எப்படிப் பிரித்தது என்று 1974இல் ஹாரி பிரேவர்மன் விரிவாக எழுதினார். அந்தப் பிரிவினை தொழிற்சாலைக்குள் மட்டும் நடப்பதல்ல. வரலாறு எழுதுகிற மேசையிலும் நடக்கிறது. அந்த அச்சு ஏன் பிடிக்காமல் போனது, அதில் என்ன அறிவு இருந்தது, அந்த அறிவைச் சேர்த்தவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இங்கே என் விஷயம்.

நான் கார் பிரியன் இல்லை. நண்பர் ஒருவரின் நான்கு கதவு ஹெரால்டின் பின்பக்கத்தைப் பட்டை, புஷ், பிரேக் என்று முழுசாகப் பிரித்துக் கட்டிய வேலையில் சில வாரங்கள் கூட இருந்தேன். கையில் ஸ்பானர் இருந்ததைவிட நோட்டுப் புத்தகம் இருந்த நேரம்தான் அதிகம். பட்டறை மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். அவர் சொன்னவற்றை அவர் சொன்ன மாதிரியே சில இடங்களில் தருகிறேன்.

2

ஹெரால்டின் வடிவத்துக்குள்ளேயே அரசியல் இருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் கம்பெனி 1950களில் ஒரு சின்னக் காருக்குத் திட்டம் போட்டது. அவர்களுக்குக் கார் உடல்களை அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. விழுங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகளெல்லாம் தனிச் சட்டகத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனி சேஸிஸ், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டுகிற உடல். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோவானி மிக்கேலோட்டி. பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது. கார் 1959இல் வெளிவந்தது.

போல்ட் போட்டுப் பூட்டுகிற வண்டிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம். காலனிகள் கைவிட்டுப் போன பிறகும் சந்தை கைவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்த ஒரு தொழில்துறைக்கு இது தோதான வடிவம். பெட்டியைப் பிரித்துப் பூட்டுகிறவன் பூட்டுவதோடு நிற்பான் என்பது அதன் எதிர்பார்ப்பு.

இங்கே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1953இல் தீர்வைக் கமிஷன் மோட்டார் தொழிலைப் பரிசீலித்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று முடிவானது. பூட்டும் வேலை மட்டும் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சிய கார் கம்பெனிகள் முக்கியமாக மூன்று: கல்கத்தாப் பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்டின் தொழிற்சாலை வண்டலூரில், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்தது. 1961இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவந்தது. அதே வருஷம் கோவென்ட்ரியில் தாய்க் கம்பெனி லேலாண்டின் கைக்குப் போனது. 1963இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே செத்தது. வண்டலூரில் அது இன்னும் இருபத்தைந்து வருஷம் உயிரோடிருந்தது.

பாகங்கள் ஒவ்வொன்றாக உள்ளூரில் தயாராகத் தொடங்கின. பிரிட்டனின் லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிபாகத் தொழில்கள் பாடியில் வளர்ந்தன. இன்றைக்குச் சென்னையை மோட்டார் நகரம் என்று மெச்சுகிறவர்கள், அதன் அஸ்திவாரம் இந்த லைசென்ஸ் காலத்தில் போடப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது கிடக்கட்டும். நம் விஷயம் அச்சு.

3

ஹெரால்டின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நில்லுங்கள். உள்ளங்கைகளை இரண்டு பக்கமும் சுவரைத் தள்ளுவது போல, விரல் மேலே பார்க்க, மடித்து வையுங்கள். உங்கள் நெஞ்சுதான் டிஃபரன்ஷியல். உள்ளங்கை சக்கரம். விதி இதுதான்: முழங்கையும் மணிக்கட்டும் அசையக்கூடாது; தோள் மட்டும் மடங்கலாம். தோளில் இருப்பது ஜாயிண்ட் கிராஸ். உடம்பு கீழே இறங்கினால் கைகள் மேல்நோக்கிச் சாயும். உள்ளங்கையின் தலை உள்ளே சாயும். உடம்பு மேலே எழும்பினால் தலை வெளியே போய், அடி உள்ளே மடங்கும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். ஊஞ்சலச்சு என்று வைத்துக்கொள்வோம். இதன் மேல் டிஃபரன்ஷியலின் தலையில் உட்கார்ந்தபடி, குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டைச் செட். அதன் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களையும் பிடித்திருக்கும்.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இருந்தது வேறு. ஒரே இரும்புக் கூட்டுக்குள் அச்சு இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஓடும். மாட்டுவண்டியின் இருசு மாதிரி. பக்கத்துக்கு ஒரு பட்டைச் செட், நீளவாட்டில். பாரம் ஏறட்டும் இறங்கட்டும், சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். குண்டு குழியில் கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதான்.

ஊஞ்சலச்சு மட்டமான யோசனை அல்ல. எட்மண்ட் ரும்ப்ளர் 1903லேயே காப்புரிமை வாங்கியது அது. ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் எல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது மற்றது பாதிக்கப்படாது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகமாக ஒரு வளைவில் போய், பாதியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். டயரின் பிடி சட்டென்று விட்டுப்போகும். வால் சுழலும்.

இந்தக் குறையை உலகம் மூன்று விதமாக எதிர்கொண்டது. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965இல் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே 1960 முதல் 1963 வரை வந்த செவர்லே கார்வேரின் ஊஞ்சலச்சுக்கு ஒதுக்கினார். 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு 1972இல் அந்த நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, அந்தக் கார் அன்றைய மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பொறியாளர்கள் தங்கள் மேசையில் திருத்தினார்கள். 1968இல் வைட்டெஸ், ஜி.டி.6 வண்டிகளின் பின்பக்கத்தையே வேறு மாதிரி அமைத்தார்கள். 1970இல் ஸ்பிட்ஃபயரில் பட்டைச் செட்டைப் பெரும்பாலும் ஊசலாட விட்டுக் கட்டினார்கள். அங்கே புத்தகம் உண்டு, சட்டம் உண்டு, வரைபடம் உண்டு. செய்தவர்களின் பெயர் உண்டு.

மூன்றாவது விதம் இங்கே நடந்தது. அதற்குத்தான் 'பிடிக்கவில்லை' என்று பெயர்.

4

மெக்கானிக்குகள் இங்கிலாந்துக்காரர்கள் கண்ட அதே குறையைத்தான் மங்கலாக உணர்ந்தார்கள் என்று எடுத்துக்கொள்வது சுலபம். அது சரியல்ல. இங்கே ஹெரால்டுக்கு 948 சி.சி. எஞ்சின்தான், கடைசி வரைக்கும். இங்கிலாந்தில் அதே வண்டி 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துவிட்டது. அன்றைய ஜி.எஸ்.டி. ரோட்டில் வளைவில் வாலைச் சுழற்றுகிற வேகம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? இங்கே பிரச்சினை வேகம் அல்ல, பாரம்.

மேஸ்திரி சொன்னார்: "சார், வெள்ளக்காரன் புருசனும் பொண்டாட்டியும் போறதுக்குப் பண்ணின வண்டி இது. நம்மாளு இதுல குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போறான். அரிசி மூட்டையும் பின்னாடிதான். பட்டை என்ன பண்ணும்? உக்காந்துக்கும்."

பட்டை உட்கார்ந்தால் உடம்பு இறங்குகிறது. இரண்டு சக்கரங்களின் தலையும் உள்ளே சாய்கிறது. டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது. அன்றைக்கு டயர் என்பது சாமானியமாகக் கிடைக்கிற பொருளா? ஜாயிண்ட் கிராஸ் எப்போதும் கோணலிலேயே சுற்றுகிறது. சக்கரத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகிற வெளிப்பக்க பேரிங் சீக்கிரம் சத்தம் கொடுக்கிறது. 1968இல் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. பின்சீட்டில் ஏறுவது சுலபமானது. பின்சீட்டில் ஆட்களும் கூடினார்கள். ஆக, கம்பெனி உடலை இந்தியக் குடும்பத்துக்காக மாற்றிவிட்டது. அச்சு மட்டும் கோவென்ட்ரியின் குடும்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. பாரத்தில் தலை உள்ளே சாய்ந்த சக்கரம் வளைவில் மடங்குவது குறைவு. அதாவது இங்கிலாந்துக்காரர்கள் பயந்த ஆபத்து, நம் ஆட்கள் அடைத்துக்கொண்டு போன வண்டியில் குறைவாகவே இருந்திருக்கும். ஒரே அச்சு, இரண்டு நாடுகளில் எதிரெதிரான இரண்டு குறைகள். ஆகவே மெக்கானிக்குகளின் எதிர்ப்பை மேற்கின் விமர்சனத்துக்கு ஒரு பின்னொட்டாகச் சேர்க்க முடியாது. அது சுயமான வாசிப்பு. இந்த ரோட்டில், இந்தப் பாரத்தில், இந்த டயர்ப் பஞ்சத்தில் நின்றுகொண்டு செய்யப்பட்ட வாசிப்பு.

பிரித்துக் கட்டும் வேலையிலேயே இது தெரிகிறது. பின்சீட்டைக் கழற்றி, மூடித் தகட்டைத் திறந்தால்தான் பட்டைச் செட்டை டிஃபரன்ஷியலில் பிடித்திருக்கும் நட்டுகள் கைக்கு வரும். துருவோடு சண்டை போட்டு அவற்றைக் கழற்ற ஒரு பகல் போனது. சக்கரத்தின் ஹப், கூம்பாகச் செதுக்கிய அச்சு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை இழுக்கக் கம்பெனி ஒரு விசேஷ புல்லரைச் செய்திருந்தது. தெருப் பட்டறைக்கு அது எங்கே கிடைக்கும்? சுத்தியலால் அடித்தால் ஹப்பின் விளிம்பு கோணும். மேஸ்திரியின் குரு கனமான தகட்டை லேத்தில் கொடுத்துத் தானே ஒரு புல்லர் செய்துகொண்டாராம். அதைத்தான் இவரும் பயன்படுத்தினார். உதவிக்கு இருந்த பையனிடம் "தம்பி, அடிக்காத. முறுக்கி வச்சுட்டு டீ குடிச்சுட்டு வா. அதுவா வரும்" என்றார். வந்தது.

இன்னொன்று. ரப்பர் புஷ் போட்ட இடங்களில் போல்டை ஜாக்கியில் வண்டி தொங்கும்போது முறுக்கக்கூடாது. வண்டி தரையில் நின்று, வழக்கமான பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து கிழிந்துபோகும். கம்பெனிக் கையேடும் இதைச் சொல்கிறது. ஆனால் 'வழக்கமான பாரம்' என்றால் யாருடைய வழக்கம்? கையேட்டுக்குள் ஒரு கற்பனை மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இத்தனை எடை, இத்தனை பிள்ளைகள், இவ்வளவு சாமான். தொழில்நுட்பத்தின் அளவுகள் எல்லாருக்கும் பொதுவானவை என்று சொல்லிக்கொள்கின்றன. உள்ளே பார்த்தால் ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின், ஒரு குறிப்பிட்ட நாட்டின் உடல் அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. மேஸ்திரி தெருவிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுப் பின்சீட்டிலும் முன்சீட்டிலுமாக உட்காரவைத்துவிட்டு முறுக்கினார். ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் செய்த அந்தக் காரியத்தில் கையேடு திருத்தப்பட்டுவிட்டது.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். உட்கார்ந்துபோன பட்டைக்குப் பட்டறைகள் கண்ட பொதுவான வைத்தியம், கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. பாரம் ஏறும்போது வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் பாரம் இறங்கினால்? பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சக்கரத்தின் அடி உள்ளே மடங்கியிருக்கும். ஒண்டியாக ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு இங்கிலாந்துக்காரன் பயந்த அதே ஆபத்து திரும்பி வருகிறது. பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவதும் அப்படித்தான். எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பக்குவமாகச் சூடு காட்டாவிட்டால் சில மாதங்களில் பழையபடி உட்கார்ந்துவிடும். "இந்த அச்சை வச்சுக்கிட்டு எதைச் செஞ்சாலும் ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும்" என்றார் மேஸ்திரி. இதுதான் 'பிடிக்கவில்லை' என்பதன் முழு வடிவம். அவர் காரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு வடிவமைப்பின் எல்லையைச் சொல்கிறார்.

5

1972இல் வந்த கெஸல் காரில் ஊஞ்சலச்சு இல்லை. முழு அச்சு இருந்தது. எஞ்சின் அதே 948 சி.சி. இதைப் பின்னடைவு என்று சொல்ல இடமுண்டு. சுதந்திரமாக அசைகிற சக்கரத்தை விட்டுவிட்டு மாட்டுவண்டி இருசுக்கு வந்துவிட்டார்களே என்று. வரலாறு என்பது எளியதிலிருந்து சிக்கலானதற்கு ஒரே கோட்டில் ஏறுவது என்று நம்புகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

எனக்கு அது ஒரு ஆவணமாகத் தெரிகிறது. விளிம்புநிலை வரலாற்றாளர்கள் 1980களில் விவசாயிகளின் குரலைத் தேடிப் போலீஸ் அறிக்கைகளையும் கலெக்டர் கடிதங்களையும் தலைகீழாக வாசித்தார்கள். மெக்கானிக்கைப் பற்றி அப்படி வாசிக்கப் போலீஸ் அறிக்கைகூடப் பெரும்பாலும் இல்லை. அவன் கலகம் செய்யவில்லை. வாடிக்கைக்காரரிடம் "இந்த வண்டி வேணாம் சார், பின்னாடி ஓயாம செலவு வைக்கும்" என்று மட்டும் சொன்னான். பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த ஒற்றை வாக்கியம் நூறு தெருக்களில் சொல்லப்பட்டபோது, அது ஒரு தொழிற்சாலையின் வரைபட மேசையை எட்டியது. 1976ஆம் வருஷத்து உரைகளில் ஃபூக்கோ அடக்கப்பட்ட அறிவுகள் என்று பேசினாரே, தகுதியில்லாதவை என்று கீழே தள்ளப்பட்ட அறிவுகள், அவற்றில் ஒன்று இரும்பில் வார்க்கப்பட்டு மேலே வந்த அபூர்வமான இடம் இது.

வெற்றி என்று கொண்டாடவும் ஒன்றுமில்லை. கெஸல் கொஞ்சமாகத்தான் செய்யப்பட்டது. லைசென்சை உயிரோடு வைத்திருக்கத்தான் அதைச் செய்தார்கள் என்ற பேச்சும் உண்டு. 1977இல் கார் தயாரிப்பு நின்றது. 1980களின் நடுவில் ரோவர் உடலோடு ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் வந்து, 1988இல் அதுவும் முடிந்தது. யோசனை கீழேயிருந்து வந்தது. முடிவு எடுக்கும் அதிகாரம் ஒருநாளும் கீழே வரவில்லை. தொழிலாளியிடமோ மெக்கானிக்கிடமோ யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. சந்தை என்ற காது கேட்காத மிருகத்தின் வழியாகத்தான் அந்தக் குரல் போக வேண்டியிருந்தது.

6

இனி பிரேக். பின் அச்சைப் பிரித்தவன் பிரேக்கை விட்டுவிட்டு மூட முடியாது. பிரேக்கை மிதித்தால் வண்டியின் மூக்கு இறங்கும், பின்பக்கம் எழும்பும். ஊஞ்சலச்சில் பின்பக்கம் எழும்பினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். பின் டயர்களுக்குப் பிடி தேவைப்படுகிற நேரத்தில் அது குறைகிறது. இந்த நிலைமையில் ஒரு பக்கப் பிரேக் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் வண்டி திரும்பிவிடும்.

ஹெரால்டின் பின் டிரம் 7 அங்குலம். உள்ளே இரண்டு ஷூ, ஒரு வீல் சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரே பிஸ்டன்தான். அது ஒரு ஷூவைத் தள்ளும். எதிர்விசையில் சிலிண்டரே பின்தகட்டின் வெட்டுக்குள் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். அந்த வெட்டில் துரு பிடித்துச் சிலிண்டர் நகராமல் போனால், ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும். ஹேண்ட் பிரேக்கும் செத்துப்போகும். பட்டறைக்கு வருகிற வண்டியில் கேபிளை இழுத்து இறுக்கி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. நோய் கேபிளில் இல்லை. பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பக்கெட் ஊதிப்போய் அடைத்துக்கொள்ளும். அந்த வண்டியில் ஆயில் பாதை ஒன்றே ஒன்று. எங்கே கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. எல்லாம் முடிந்து ஏர் எடுக்கும்போது மேஸ்திரி மிதியில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மிதி எந்த ஆழத்தில் கெட்டியாகிறது என்று காலால் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி. பையன் வாயைக் குவித்து ஊதப் போனான். மேஸ்திரி தலையில் ஒரு தட்டு தட்டி, ஈரத் துணியைக் கொடுத்தார். "நாங்க ஊதித்தான் வளந்தோம். கம்ப்ரஸர் வந்தப்புறம் அதுல ஊதினோம். இப்பத்தான் எவனோ சொன்னான்" என்றார். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் முதல் பட்டியலில் வைத்தது. மூச்சில் போனது நோயாக வெளிவர இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். பிரிட்டன் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை 1999இல் தடை செய்தது. இங்கே 1995இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலத்தை வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. முழுத் தடை இன்னும் இல்லை.

தீர்ப்பு யாரை எட்டும்? 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று கண்ணெடுத்துப் பார்த்தது. 2020ஆம் வருஷச் சட்டத்தொகுப்பு அந்தக் கோட்டை 20 பேராக உயர்த்தியது. ஒரு மேஸ்திரி, இரண்டு ஆள், ஒரு பையன் உள்ள பட்டறை சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்ற திருத்தம் 2016இல்தான் வந்தது. அதிலும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு. ஹெரால்ட் ஓடிய காலத்தில் பிரேக் டிரம்மைத் துடைத்தது பெரும்பாலும் பையன்கள்தான். சின்னக் கை உள்ளே போகும் என்பது காரணம்.

சாதி பற்றியும் ஒரு வார்த்தை. கார் எந்தச் சாதியின் குலத்தொழிலும் இல்லை. மனுவின் சட்டத்தில் கியர்பாக்ஸ் கிடையாது. கொல்லன் பட்டறையில் நுழைய முடியாதவனும் மோட்டார் பட்டறையில் நுழைந்து மேஸ்திரி ஆக முடிந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் பட்டறைக்குள்ளேயே ஒரு படிநிலை வந்து உட்கார்ந்தது. எஞ்சின் வேலை மேலே. மின்சார வேலை சுத்தம். பட்டை, பிரேக், கிரீஸ் எல்லாம் கீழே, அடியில், அழுக்கில். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கையில் கறை இல்லை. அறிவு எவ்வளவு அடியிலிருந்து வருகிறதோ அவ்வளவு அழுக்காகத் தெரிகிறது. அழுக்காகத் தெரிவதை நம் அறிவுஜீவிகள் அறிவு என்று ஒப்புக்கொண்டதில்லை.

2010களில் நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. மேலாண்மைப் புத்தகங்கள் ஜுகாட் என்று பெயர் வைத்து இந்தப் பட்டறைச் சாமர்த்தியத்தைக் கொண்டாடத் தொடங்கின. கொண்டாட்டத்தில் புல்லர் இருக்கிறது, தூசி இல்லை. புல்லர் கிடைக்காததால்தான் புல்லர் செய்தார்கள் என்பதும், செய்தவருக்கு அதற்காக யாரும் பத்துப் பைசா கொடுக்கவில்லை என்பதும் அதில் வராது. புறக்கணிப்பு ஒரு வன்முறை என்றால் இந்தப் புகழ்ச்சி இன்னொரு வன்முறை.

7

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படியிருந்தால் எண் பலகையில் மாநிலக் குறிக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் கிடைக்கும், தினசரி ஓட்டக்கூடாது. ஒரு பட்டை கூடுதலாக இருப்பதற்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை. என் கேள்வி 'அசல்' என்ற சொல்லைப் பற்றியது.

அசல் என்றால் எது? கோவென்ட்ரியில் 1959இல் வரைந்ததா? வண்டலூரில் நான்கு கதவு வைத்ததா? ஐம்பது வருஷம் இந்த ரோட்டில் ஓடுவதற்காகப் பத்துப் பட்டறைகள் மாற்றியதா? வண்டியைப் புதுப்பிக்கிற ஆர்வலர்கள் இன்று இங்கிலாந்திலிருந்து புஷ்ஷும் பட்டைச் செட்டும் வரவழைத்து, உள்ளூர்க் கையின் தடயத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறார்கள். பழைய டயரும் உட்கார்ந்த பட்டையும் புதுப்பேட்டைப் பழைய இரும்புக்குப் போகின்றன. வண்டி பளபளவென்று பிறந்த நாளுக்குத் திரும்புகிறது. அது வாழ்ந்த வாழ்க்கை எடைக்குப் போகிறது. தொல்லியல்காரர் மண்ணடுக்குகளைச் சுரண்டிவிட்டு அடியிலிருக்கும் பாறையை மட்டும் காட்சிக்கு வைத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

என் நண்பரும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார். கூடுதல் பட்டையை எடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? இன்று அந்த வண்டியில் இரண்டு பேருக்கு மேல் போவதில்லை. ஆபத்து என்று பார்த்தால் எடுத்துவிட வேண்டும். மேஸ்திரியும் அதையே சொன்னார். எடுத்தோம். பாதுகாப்புக்கு மேல் ஒரு வரலாறு இல்லை. ஆனால் எடுத்த பட்டையில் எந்தப் பட்டறை அடித்தது, எந்த வருஷம், யார் சொல்லி என்று மேஸ்திரிக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைத்தோம். ஏழெட்டு வரிகள்தான். ஹெரால்டைப் பற்றி ஒரு மெக்கானிக்கின் வாயிலிருந்து எழுத்தில் ஏறியதாக என் கண்ணுக்குப் பட்டது இப்போதைக்கு அவ்வளவுதான்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் வாய்மொழி வரலாறு என்று நிறையப் பேசியிருக்கிறோம். கூத்துக் கலைஞர்களிடம் போனோம், விவசாயிகளிடம் போனோம், அது நல்லதுதான். ஹெரால்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்று அறுபது, எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். பலருக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. அது வயதினாலா, ஊதிய தூசியினாலா என்று எந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் சொல்வதில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் பட்டையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். நெஞ்சைப் பற்றியும் கேளுங்கள். இரண்டும் ஒரே வரலாறு.